ஓய்வுக்கால நிதித் திட்டமிடல்: கெலிஓயாவும் சுற்றுப்புறமும்

உழைப்பு நின்ற பிறகும் மாதாந்தச் செலவுக்குப் பணம் வரும் வழியை, உழைக்கும் காலத்திலேயே அமைத்துக்கொள்வது ஓய்வுக்கால நிதித் திட்டமிடல். இலங்கையில் அரச ஊழியருக்கு அந்த வழியைச் சட்டமே அமைத்துத் தருகிறது. தனியார் துறையினருக்கோ மொத்தத் தொகை ஒன்று கையில் வருகிறது. அதை ஆயுளுக்கும் பகிர்ந்துகொள்வது அவரவர் பாடு. பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையில் உள்ள கெலிஓயாவில் பென்சன் வாங்கும் ஆசிரியரும் கடைக்காரரும் மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியவரும் அயலவர்களாகவே வாழ்கிறார்கள். ஆசிரியருக்கு மாதம் பிறந்தால் பணம் வரும். மற்ற இருவருக்கும் அப்படியில்லை.

தனியார் துறையின் அடித்தளம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதியம். சம்பளத்தில் 8% ஊழியரிடம் கழிக்கப்படும். தொழில்தருநர் 12% சேர்க்க வேண்டும். 60,000 ரூபா சம்பளத்துக்கு இது மாதம் 12,000 ரூபா. 1980இன் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3% தொழில்தருநரே கட்டுகிறார். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் தரச் சொல்கிறது. நாட்சம்பளக்காரருக்கு அது 14 நாட் சம்பளம். 2024இல் நிர்ணயமான 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்கிட்டால், தேயிலைத் தோட்டத்தில் 30 ஆண்டு கொழுந்து பறித்தவருக்குக் கிடைக்கும் பணிக்கொடை 5,67,000 ரூபா. ஒரு வாழ்நாள் உழைப்புக்கு இது பெரிய தொகையல்ல. அதனால்தான் இதில் ஒரு ரூபாகூட வீணாகக் கூடாது.

வீணாவது பெரும்பாலும் காகிதத்தில் தொடங்குகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்துப் பதிவேட்டில் கங்காணி காலத்து எழுத்தில் மூன்றாவது என்று இருந்தால், தொழில் திணைக்களத்தில் சேமலாப நிதி விண்ணப்பம் தேங்கிவிடும். பெயரைத் திருத்தச் சத்தியக்கடதாசி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், பழைய சம்பளச் சிட்டை என்று அலைய நேரும். அறுபதில், முழங்கால் வலியோடு செய்வதைவிட நாற்பதில் இதைச் செய்வது எவ்வளவோ சுலபம். தொழில்தருநர் ஒழுங்காகக் கட்டினாரா என்பதும் நிதியத்தின் நிலுவை அறிக்கையில் தெரிந்துவிடும்.

சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுக்கலாம். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமோ தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 ஆக்கியது. இடைப்பட்ட ஆண்டுகள்தான் ஆபத்தானவை. மகளின் கலியாணம், வீட்டுக்கு மேல்தட்டு, மகனுக்கு முச்சக்கரவண்டி என்று அந்தக் காசு கரைந்துபோகும். பிள்ளைகளுக்குச் செய்வது கடமைதான்; ஆனால் அதற்கான சேமிப்பு வேறாக இருக்க வேண்டும்.

மிச்சமிருப்பதைக் கரைப்பது விலைவாசி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது, நிலையான வைப்பின் வட்டியை நம்பியிருந்த முதியவர்கள் மருந்தைக் குறைத்தார்கள். வழமையான காலத்திலும் விலைகள் ஆண்டுக்கு 5% ஏறினால் 14 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். 60 வயதில் 60,000 ரூபாவில் நடக்கும் குடும்பத்துக்கு 74 வயதில் 1,20,000 வேண்டும். ஆகவே வரும் வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பங்கை முதலோடு சேர்ப்பது அவசியம். பணத்தை ஒரே இடத்தில் வைப்பதும் தகாது: மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி, ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான். உரிமம் இல்லாத இடத்தில் கூடுதல் வட்டி கிடைத்தாலும் அந்தக் காப்பு கிடையாது.

கெலிஓயா முஸ்லிம்களில் பலர் வட்டியைத் தவிர்ப்பவர்கள். அவர்களுக்கு 2011இல் தொடங்கிய அமானா வங்கி போன்றவற்றின் இலாபப் பகிர்வுக் கணக்குகளும், வாடகைக்கு விடும் கடையறையும், நகையும் உண்டு. வளைகுடாவிலிருந்து அனுப்பிய பணம் பெரும்பாலும் வீடாக மாறியிருக்கும். வீடு நிம்மதி தரும், சோறு போடாது. ஒரு பகுதியையாவது வாடகைக்கு விடும்படி கட்டியவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

கண்டிச் சீமைக்கே உரிய ஒரு வழி வீட்டுத் தோட்டம். பலா, பாக்கு, கிராம்பு, சாதிக்காய், கிளிசிரிடியா மரத்தில் ஏற்றிய மிளகுக் கொடி எனக் கால் ஏக்கரில் இத்தனையும் நிற்கும். விலைவாசி ஏறும்போது மிளகின் விலையும் கூட ஏறக்கூடும் என்பதால், வங்கிப் புத்தகம் தராத பாதுகாப்பை இது தருகிறது. காலையில் எழுந்து செய்ய ஒரு வேலையும், பாயில் மிளகு காயவைக்கும்போது பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார ஓர் இடமும் அதோடு சேர்ந்து வருகின்றன. ஓய்வின் நிறைவுக்கு இவை பணத்துக்குக் குறைந்தவையல்ல. மிளகு மூன்று நான்கு ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும்; கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் இன்னும் நீண்ட காலம் வேண்டும். அறுபதில் பறிக்க வேண்டிய மரத்தை ஐம்பதுக்கு முன்பே நட்டுவிடுகிறார்கள்.