கிட்டங்கியிலிருந்து வாடகை வீடு வரை: நம் தலைக்கு மேலிருந்த கூரையின் கதை

ஏக இறைவனின் அருளால் நம் சங்கம் பொன்விழாக் காண்கிறது. இந்த மலரில் நம் பள்ளிவாசல்களைப் பற்றியும், நம் பெரியவர்கள் நடத்திய தமிழ்ப் பள்ளிகளைப் பற்றியும் அறிந்தவர்கள் எழுதுவார்கள். நாங்கள் வரலாற்றைத் தொழிலாகக் கற்றவர்கள் அல்லர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் பட்டயம் பெற்று, வாப்பாவுக்குப் பின் கல்லாவில் உட்கார்ந்த தலைமுறை. ஆகவே எங்களுக்குத் தெரிந்த ஒரு சின்ன விஷயத்தைப் பற்றியே எழுதுகிறோம். கப்பலில் வந்து இறங்கிய நம்மவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள்? அவர்களுக்குப் படுக்க இடமில்லாமல் போகாதபடி யார் பார்த்துக்கொண்டார்கள்? இந்தக் கேள்விக்கான பதிலில் நம் சமூகத்தின் பங்கும் உண்டு, அரசாங்கத்தின் பங்கும் உண்டு.

கிட்டங்கி வாழ்க்கை

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-இல் தோன்றியது. தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் அல் அப்ரார் பள்ளியும் நாகூர் தர்காவும் அதையொட்டிய ஆண்டுகளில் எழுந்தன. நம்மவர்களின் பிழைப்பும் இருப்பும் இவற்றைச் சுற்றியே அமைந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். மனைவி மக்கள் ஊரில் இருப்பார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறையோ ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையோ கப்பலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

இவர்களுக்கு வீடு என்று ஒன்று தேவைப்படவில்லை. கடைக்கு மேல்மாடி இருந்தது; இல்லாவிட்டால் கிட்டங்கி இருந்தது. ஒரே கூடத்தில் பத்துப் பேர், பதினைந்து பேர் பாய் விரித்துப் படுப்பார்கள். ஆளுக்கொரு பெட்டி, சுவரில் ஓர் ஆணி, சமையலுக்கு ஒரு பொதுச் செலவு. புதிதாக வந்தவனுக்கு வேலை கிடைக்கும் வரை சாப்பாட்டுக்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எங்கள் பாட்டனாரும் அப்படி ஒரு மாடியில்தான் பல ஆண்டுகள் இருந்தார். நெருக்கடியும் மூட்டைப்பூச்சியும் இருந்தன. ஆனால் நம்மூர்க்காரர் ஒருவர் தெருவில் படுத்தார் என்ற பேச்சு வந்ததில்லை என்று மூத்த உறுப்பினர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். முதல் தற்காப்பு அரசாங்கத்திடமிருந்து வரவில்லை. அது நம்மவர்கள் நமக்கு விரித்துக்கொடுத்த பாய்.

அரசாங்கம் முதலில் செய்தது

காலனி அரசு 1927-இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதியத்தை அமைத்தது. ஆங்கிலச் சுருக்கத்தில் எஸ்.ஐ.டி. என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அதன் முதல் வேலை வீடு கட்டுவது அன்று. நெரிசலான சந்துகளை இடித்து நகரைச் சீர்ப்படுத்துவதும், அதனால் இடம் இழந்தவர்களுக்கு மாற்று இடம் தருவதுமே. 1930-களின் பிற்பாதியில் தியோங் பாருவில் அடுக்குமாடிகள் எழுந்தன. ஆனால் 32 ஆண்டுகளில் அந்த அமைப்பு கட்டிய வீடுகள் சுமார் 23,000 மட்டுமே. போருக்குப் பின் பெருகிய மக்கள்தொகைக்கு அது எந்த மூலைக்கு? பல லட்சம் பேர் கம்பங்களிலும், ஓலையும் தகரமும் வேய்ந்த வீடுகளிலும், தடுத்துத் தடுத்துக் கூறுபோட்ட கடைவீடுகளிலும் வாழ்ந்தார்கள்.

1947-இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. குடியிருப்பவரை எளிதில் வெளியேற்றவும் முடியாது. இதற்கு அரசாங்கம் கையிலிருந்து பணம் செலவழிக்கவில்லை. சுமை கட்டட உரிமையாளர் மேல் விழுந்தது. ஆனாலும் நம்மவர்களின் கிட்டங்கிகளும் மாடிகளும் மலிவாகவே நீடித்ததற்கு இந்தச் சட்டம் ஒரு முக்கியக் காரணம்.

ஒரு பெருநாளில் பற்றிய தீ

1960 பிப்ரவரி 1-ஆம் நாள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. திரு லிம் கிம் சான் அதன் முதல் தலைவர். அடுத்த ஆண்டு, 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள். பொது விடுமுறை. அன்று பிற்பகல் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பற்றிய தீ, சுமார் 16,000 பேரை ஒரே நாளில் வீடற்றவர்களாக்கியது. மக்கள் பள்ளிக்கூடங்களில் தங்க வைக்கப்பட்டார்கள். கழகம் வேறு வட்டாரங்களில் கட்டி முடித்திருந்த வீடுகளில் அவர்களைக் குடியேற்றியது. எரிந்த நிலத்தை அரசாங்கம் எடுத்து, அங்கேயே மாடி வீடுகளை எழுப்பியது.

அந்த வேகம் எப்படி வந்தது என்பதை வணிகர்களாகிய நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, பணம். வீடு கட்டக் கழகத்துக்கு அரசாங்கம் கடன் கொடுத்தது. செலவுக்கும் வரவுக்கும் இடையே விழும் பள்ளத்தை ஆண்டுதோறும் மானியத்தால் நிரப்பியது. இரண்டாவது, நிலம். 1966-இல் இயற்றிய நிலக் கையகப்படுத்தும் சட்டம் பின்னர் அதற்கு மேலும் வழிவிட்டது. மூன்றாவது, விலை. ஓரறை வீட்டுக்கு மாதம் 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60 என்று வாடகை இருந்தது. அடக்க விலைக்கு விற்றிருந்தால் ஏழை வாங்கியிருக்க முடியாது. முதல் ஐந்தாண்டில் 54,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

1964-இல் வீடுகளை விற்கத் தொடங்கினார்கள். 1968-இல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்கலாம் என்ற விதி வந்தது. கையில் ரொக்கம் இல்லாதவரும் சம்பளத்தில் பிடித்த பணத்தால் வீட்டுக்காரர் ஆனார். நம் குடும்பங்களில் ஊரிலிருந்து மனைவி மக்களை அழைத்து வந்து இங்கேயே நிலைத்தவர்கள் பலர் இந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

கிட்டங்கி மறைந்தது

கதவு திறந்தது குடும்பங்களுக்கு. தனி ஆளுக்கு?

1970-ஆம் ஆண்டளவில், நகர மையத்தில் ‘தங்கக் காலணி’ என்று பெயர் பெற்ற வட்டாரத்துக்கு ஒரு தனிச் சட்டம் வந்தது. மறுசீரமைப்புக்காக அங்குள்ள கட்டடங்களை உரிமையாளர்கள் திரும்பப் பெறலாம். குடியிருப்பவருக்கு இழப்பீடு தர வேண்டும். மார்க்கெட் ஸ்திரீட் அந்த வட்டாரத்துக்குள் இருந்தது. பழைய கட்டடங்கள் போய் வங்கிக் கோபுரங்கள் வந்தன. 2001-இல் வாடகைக் கட்டுப்பாடும் முழுமையாக நீங்கியது. நகரம் வளர்ந்தது, வாணிபம் வளர்ந்தது. அதில் நாமும் பலன் அடைந்தோம். ஆனால் பாய் விரிக்கும் கூடம் போய்விட்டது.

நம் சங்கம் தோன்றியது இந்த இடமாற்றக் காலத்தில்தான். ஒரே தெருவில் இருந்தவர்கள் தோ பாயோ, அங் மோ கியோ, பிடோக் என்று சிதறியபோது, மாதம் ஒருமுறையாவது முகம் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் பெரியவர்கள் கூடினார்கள்.

வீவக வீடு குடும்பத்தை அடிப்படையாகக் கொண்டது. 35 வயதான தனியாள் மறுவிற்பனை வீடு வாங்க 1991-இல்தான் வழி பிறந்தது. புதிய ஈரறை வீடு வாங்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்க வசதியில்லாத தனியாள் வாடகை வீடு கேட்டால், இன்னொரு தனியாளுடன் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். முன்பின் தெரியாத இருவர் ஓரறையைப் பகிர்வது எளிதன்று.

எங்கள் கடையில் நடந்தது

இதை ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டோம் என்று சொன்னால் அது பொய்யாகும்.

எங்கள் கடையில் பாட்டனார் காலத்திலிருந்து வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். எங்களுக்கு அவர் நானா. குடியுரிமை பெற்றவர். ஆனால் மனைவியை இங்கே அழைத்து வரவில்லை. சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் மகள் கல்யாணத்துக்கும் ஊரில் வீடு கட்டவும் அனுப்பிவிட்டார். மனைவி மௌத்தான பிறகு அந்த வீடும் கைமாறிப் போனது. அவர் எங்கள் கடை மாடியிலேயே இருந்தார்.

கடை வாடகை ஏறியபோது, செலவைக் குறைக்க மாடியைத் திருப்பிக் கொடுத்தது நாங்கள்தான். “நானா, நீங்க எங்க இருப்பீங்க?” என்று கேட்டோம். “தெரிஞ்சவங்க வீட்டுல இருந்துக்குறேன் தம்பி, நீங்க கவலப்படாதீங்க” என்றார். நாங்களும் கவலைப்படவில்லை. தினமும் சுபுஹுக்கு முதல் ஆளாகப் பள்ளிக்கு வருகிறார் என்று பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

2020 மார்ச்சில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரலில் கிருமி முறியடிப்புக் காலம் தொடங்கி எங்கள் கடையும் மூடியது. பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போன ஒரு மாலையில், பின்பக்க ஐந்தடி நடைபாதையில் அட்டைப்பெட்டியை விரித்து நானா உட்கார்ந்திருந்தார். குளிப்பதும் துணி அலசுவதும் அதுவரை பள்ளியில் நடந்தன. பள்ளி மூடியதும் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போய்விட்டது. மூன்று ஆண்டாகவே அப்படித்தான் இருந்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, “கடைக்குக் காவலா இருக்கேன் தம்பி” என்றார். எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

அன்றிரவே சங்கச் செயலாளரை அழைத்தோம். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ‘பாதுகாப்பான உறங்குமிடம்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது, அமைச்சோடு சேர்ந்து தொண்டு அமைப்புகளும் தேவாலயங்களும் சில பள்ளிவாசல்களும் நடத்துகின்றன என்றார். இரண்டு நாளில் படுக்கை கிடைத்தது. அங்கிருந்த சமூகப் பணியாளர் நானாவின் அடையாள அட்டையைக் கேட்டார். அதில் இன்னும் எங்கள் கடை மாடி முகவரியே இருந்தது. அரசாங்கம் அனுப்பிய கடிதங்கள் எல்லாம் அந்த முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன.

பிறகு சமூகச் சேவை அலுவலகத்துக்குப் பலமுறை நடந்தோம். வாடகை வீட்டுக்குக் கூட்டாளி கிடைத்தார். ஓய்வுபெற்ற சீனத் துப்புரவாளர். முதல் மாதம் மின்விசிறிக்காகச் சண்டை, அடுத்த மாதம் சமையலுக்காகச் சண்டை. நடுவில் தடுப்பு வைத்த பிறகு தணிந்தது. இப்போது ஒருவர் மருந்து வாங்கப் போனால் மற்றவர் துணைக்குப் போகிறார்.

இன்றுள்ள வழிகள்

நானாவோடு நடந்ததில் நாங்கள் கற்றுக்கொண்டதை உறுப்பினர் குடும்பங்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.

வீவக சுமார் 60,000 வாடகை வீடுகளை வைத்திருக்கிறது. வருமானம் மிகக் குறைந்தவர், முதன்முறை விண்ணப்பிப்பவராக இருந்தால், ஓரறை வீட்டுக்கு மாத வாடகை 26 வெள்ளியிலிருந்து தொடங்கும். மிச்சத்தை ஏற்பது பொதுப்பணம். அதாவது நாம் கட்டும் வரி. பிள்ளைகளுடன் திடீரென வீடிழக்கும் குடும்பங்களுக்காக 2009-இல் இடைக்கால வாடகை வீட்டுத் திட்டம் வந்தது. வீட்டை விற்று வாடகை வீட்டுக்கு வந்த குடும்பங்கள், பிள்ளைகளோடு மீண்டும் சொந்த வீட்டுக்குப் போக, 2016-இல் ‘புதிய தொடக்கம்’ திட்டம் 35,000 வெள்ளி மானியத்துடன் தொடங்கியது. அந்த மானியம் பின்னர் 75,000 ஆக உயர்ந்தது. தனியாட்கள் தாங்களே கூட்டாளி தேடாமல், சமூக அமைப்பு ஒன்று பொருத்தமானவரைச் சேர்த்துவைக்கும் முன்னோடித் திட்டம் 2021 இறுதியில் வந்தது.

தெருவில் உறங்குவோர் எத்தனை பேர் என்று 2019-இல் லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியின் ஆய்வு எண்ணிப் பார்த்தது: 921 முதல் 1,050 வரை. பெரும்பாலோர் ஆண்கள், வயதானவர்கள்; பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வேலை பார்ப்பவர்கள். 2022-இல் அமைச்சு நடத்திய கணக்கெடுப்பில் தெருவில் இருந்தவர்கள் 530. எண்ணிக்கை குறைந்தது அரசாங்கத் திட்டங்களாலும், இரவில் நடந்து தேடிப்போகும் தொண்டர்களாலும்தான்.

ஆனால் எந்தத் திட்டமும் கேட்பவருக்குத்தான் கிடைக்கும். நம்மவர்கள் கேட்க மாட்டார்கள். ஊருக்குப் பணம் அனுப்பிய கை, மனு எழுத நீளாது. அந்த மானத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் மதித்துக்கொண்டு சும்மா இருப்பது, நாங்கள் இருந்ததைப் போல, குற்றம்.

அடுத்த ஐம்பது ஆண்டுக்கு

கிட்டங்கி காலத்தில் பக்கத்துப் பாய் காலியாக இருந்தால் அன்றிரவே தெரிந்துவிடும். இன்று தெரிவதில்லை. ஆகவே பொன்விழாவை ஒட்டி ஒரு சின்ன வேலையைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று வேண்டுகிறோம். அறுபது வயதைக் கடந்த, குடும்பம் இங்கே இல்லாத ஒவ்வோர் உறுப்பினரின் வீட்டுக்கும், நம் கடைகளில் வேலை பார்த்து ஓய்ந்தவர்களின் வீட்டுக்கும் ஆண்டுக்கு இருமுறை நேரில் போய்வர வேண்டும். தொலைபேசியில் கேட்டால் எல்லோரும் நன்றாகத்தான் இருப்பார்கள். அடையாள அட்டை முகவரியும் இருக்கும் இடமும் ஒன்றா என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். தேவையுள்ளவரைக் குடும்பச் சேவை நிலையத்துக்கோ சமூகச் சேவை அலுவலகத்துக்கோ கையோடு அழைத்துப் போக வேண்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ளவரை முயிஸிடம் கொண்டு சேர்க்க வேண்டும். கடை மாடியைத் திருப்பிக் கொடுக்கும் முதலாளிகள், அங்கே இருப்பவர் எந்த வீட்டுக்குப் போகிறார் என்பதைப் போய்ப் பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

நானா இப்போதும் ஜும்ஆவுக்கு வருகிறார். போன நோன்புப் பெருநாளன்று எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தார். சிங்கப்பூருக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், அவர் வீட்டில் நாங்கள் விருந்தாளியாக உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் சங்கத்தின் சேவையை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.