கல்லோயா: கடைமடையிற் கற்ற பாடம்

ஆராய்ச்சியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆய்வுகூடங்களையும் நூலகங்களையும் பற்றியே எழுதுவர். வாய்க்காற் கரையிலும் வரப்பின் மீதும் நடந்த ஆராய்ச்சிகள் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. ஆயினும், கிழக்கிலங்கையிற் கல்முனை முதலாய கரையோர ஊர்களுக்கு மேற்கே பரந்து கிடக்கும் வயல்வெளிகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி, வேளாண்மை அறிஞரும் சமூகவியல் அறிஞரும் ஒருங்கே எடுத்துப் பேசும் சிறப்பினை அடைந்துள்ளது. அதன் வரலாற்றையும், அது நமக்கு உணர்த்தும் உண்மையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்கே மலைச்சரிவிற் பிறந்து, 108 கிலோமீற்றர் ஓடி, கல்முனைக்குத் தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீற்றர் தொலைவிற் கடலை அடையும் ஆற்றைச் சிங்களத்திற் கல்லோயா என்பர். தமிழிற் பட்டிப்பளை ஆறு என வழங்குவர். சம்மாந்துறை, நிந்தவூர், காரைதீவு, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் தமிழரும் இவ்வாற்றையும் இப்பகுதிக் குளங்களையும் நம்பி நெடுங்காலமாக நெற்செய்கை நடத்தி வருகின்றனர். இக்கரையில் 'வேளாண்மை' என்னுஞ் சொல்லே நெற்பயிரைக் குறிக்கும். நீர்ப்பங்கீட்டை மேற்பார்க்க 'வட்டை விதானை' என ஒருவரை நியமித்து, அவருக்கு விளைச்சலிலிருந்தே நெல் அளந்து கொடுத்தனர். நீரைப் பகிர்வதற்கு ஒழுங்கும் அவ்வொழுங்கினைக் காப்பதற்கு ஓர் ஆளும் வேண்டும் என்பதை இம்மக்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்றவரல்லர்.

ஆங்கில ஆட்சியும் இவ்வுண்மையை ஓரளவு உணர்ந்தது. தேசாதிபதி சேர் ஹென்றி உவாட் காலத்தில், 1856இற் பிறந்த நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், நெற்செய்கை பற்றிய பழைய வழக்கங்களை மீளவும் உயிர்ப்பித்து அவற்றுக்குச் சட்டத்தின் வலுவைத் தந்தது. அழிந்து கிடந்த குளங்கள் சிலவும் திருத்தப்பட்டன.

ஆயினும், கரையோரத்திற்கு மேற்கேயிருந்த உள்நாட்டுக் காடு நெடுங்காலம் மக்கள் அணுகுதற்கரியதாகவே இருந்தது. அதற்குக் காரணங்களுள் தலையாயது மலேரியாக் காய்ச்சல். 1934-35இற் பரவிய கொடிய கொள்ளைநோய் இலங்கை முழுவதையும் நடுங்கச் செய்தது. 1946 முதல் டி.டி.ரி. மருந்து பரவலாகத் தெளிக்கப்பட்டதும் காய்ச்சல் தணிந்தது. குடியேற்றத்துக்கு வழி திறந்தது. நுளம்பை ஆராய்ந்தோரின் உழைப்பு இல்லையேல் அணைக்கட்டும் இல்லை எனலாம். 1960களின் இறுதியில் அந்நோய் மீண்டும் தலைதூக்கியதும், 2016இலேயே இலங்கை மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியதும் ஈண்டு நினைவுகூரத்தக்கன.

1949இல், பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா காலத்தில், கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. இங்கினியாகலையில் அணை எழுந்து, சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருநீர்த்தேக்கம் உருவாயிற்று. அதன் நீரேந்து காட்டைக் காக்கும் பொருட்டு 1954இற் கல்லோயாத் தேசியப் பூங்கா அமைந்தது. இவ்வாறு சுகாதாரமும் வனவியலும் வேளாண்மையும் ஓர் ஆற்றின் வழியே ஒன்றோடொன்று பிணைந்தன.

ஆனால், அணை நீரைச் சேர்த்ததேயன்றி மக்களைச் சேர்க்கவில்லை. வெளிமாவட்டங்களிலிருந்து வந்த சிங்களக் குடியேற்றவாசிகள் மேற்பகுதி வாய்க்கால்களில் இருத்தப்பட்டனர். தமிழ் பேசும் உழவர் பலர் கடைமடைகளில் இருந்தனர். நிலப்பங்கீடு பற்றிய மனக்குறை கரையோர மக்களிடையே வேரூன்றியது. 1956 யூன் மாதத்தில் இப்பள்ளத்தாக்கே இனக்கலவரத்தின் களமாயிற்று. காலப்போக்கில் வாய்க்கால்கள் தூர்ந்தன, மதகுகள் உடைந்தன. மேலிருப்போர் வேண்டியமட்டும் நீரை எடுக்க, கீழிருப்போர் வானத்தை நோக்கியிருந்தனர்.

இந்நிலையிற்றான் நாம் கூறவந்த ஆராய்ச்சி தொடங்கிற்று. 1980ஆம் ஆண்டளவில், கொழும்பிலிருந்த கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் கல்லோயா இடதுகரைப் பகுதியைத் தம் ஆய்வுக்களமாகக் கொண்டன. கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொவ் இதில் முன்னின்றார். 1981இற் பட்டதாரி இளைஞரும் யுவதியரும் அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் சங்கம் அமைக்கும் விதிநூலை ஏந்திச் செல்லவில்லை. உழவர் வீடுகளுக்கு நடந்து சென்றனர், குறைகளைக் கேட்டனர், ஒரே வயல்வாய்க்காலில் நீர் பாய்ச்சுவோரை ஒன்றுகூட்டினர். முதலிற் பணி, பின்னரே அமைப்பு என்பது அவர்தம் முறை. ஆண்டுக்கணக்கில் தூர்ந்து கிடந்த வாய்க்கால்களை உழவர் தாமே துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிச்சப்பட்ட நீரைக் கடைமடைக்கு விட்டனர். தம் பிரதிநிதியை வாக்கெடுப்பால் அன்றி, அனைவரும் ஒருமித்த கருத்தாலேயே தெரிந்தெடுத்தனர். அப்பிரதிநிதி ஊதியம் பெறவில்லை.

நிலையான உத்தியோகம் கிடைத்ததும் அமைப்பாளருட் பலர் விலகிச் சென்றனர். உள்நாட்டுப் போரும் மூண்டது. ஆயினும், உழவர் அமைப்புகள் அழிந்தொழியவில்லை. 1997ஆம் ஆண்டுச் சிறுபோகம் அவற்றின் வலிமைக்கு உரைகல்லாயிற்று. நெற்செய்கைக்கு நீர்த்தேக்கத்திற் போதிய நீர் இல்லையென நீர்ப்பாசனத் திணைக்களம் அறிவித்தது. உழவரோ இருந்த நீரைச் சிக்கனமாகவும் சமமாகவும் பங்கிட்டு, 65,000 ஏக்கரிலும் பயிரிட்டு, வழக்கத்தினும் மேலான விளைச்சல் கண்டனர். மேலிருந்த சிங்கள உழவரும் கீழிருந்த தமிழ் உழவரும் நீரைச் சரிநிகராகப் பகிர்ந்துகொண்டனர் என, அப்ஹொவும் விஜயரத்னவும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை கூறுகின்றது. 1956இற் குருதி சிந்திய பள்ளத்தாக்கில், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலே, இது நிகழ்ந்தது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

இதனால் எல்லாக் குறைகளும் தீர்ந்தன என்று கொள்ளுதல் தவறு. நீர்ப்பங்கீடு சீரானமையால் நிலப்பங்கீடு சீராகிவிடாது. அயலாரின் நல்லெண்ணம் நீதிக்கு ஈடாகவும் மாட்டாது. ஆயினும், ஒன்று தெளிவு. பொறியியல் தனித்து நின்றபோது தோற்ற இடத்தில், உழவரின் சொல்லுக்குச் செவிசாய்த்த ஆராய்ச்சி வென்றது. உற்றுநோக்கின், அமெரிக்க அறிஞரும் கொழும்பு அறிஞரும் 1981இற் கண்டறிந்தது, வட்டை விதானையைத் தாமே அமர்த்திய நம் முன்னோர் அறிந்திருந்த ஒன்றேயாம். பெருந்திட்டம் அதனை மறந்தது. ஆராய்ச்சி அதனை மீட்டுத் தந்தது.

இங்கே நமக்கொரு நாணமும் உண்டு. நம் வயலின் வரலாற்றைப் பிறர் வந்து எழுத நேர்ந்தது. வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' என்னும் நூலால் இப்பகுதி வாழ்க்கையைத் தமிழிற் பதிவு செய்தார். அத்தகைய முயற்சிகள் பெருக வேண்டும். 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, மறு ஆண்டிற் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம், இவ்வயல்களின் அண்மையிலேயே அமைந்துள்ளது. ஆகலின், தொலைவு ஒரு தடையன்று.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் வாய்க்காலின் தலைமடையிலிருந்து கடைமடை வரை நடந்து பாருங்கள். ஆங்குள்ள முதிய உழவர் ஒருவரிடம், நீரை எவ்வாறு பங்கிட்டீர்கள், பிணக்கு எழுந்தால் யார் தீர்த்தார் என்று கேளுங்கள். களத்தில் நெல்லை ஏன் 'பொலி' என்றனர் என்றும் வினவுங்கள். அவர் கூறுவதை அவர் சொல்லிலேயே எழுதி வையுங்கள். அம்முதியோர் மறைந்தபின் அவ்வறிவைத் தரும் நூல் எந்த நூலகத்திலும் கிட்டாது. நல்ல ஆராய்ச்சி அணைக்கட்டின் உச்சியிலிருந்து பார்ப்பதன்று, கடைமடையிலிருந்து கேட்பதேயாகும்.