செஞ்சி மலையேற்றமும் வெப்ப நோய்களும்

கடும் உழைப்பில் உடலுக்குள் உண்டாகும் சூட்டை வியர்வையால் தணிக்க முடியாதபோது வருபவை வெப்ப நோய்கள். கோடையில் மலையேறுவோருக்கு இந்த அபாயம் அதிகம்.

புதுச்சேரி நகரில் மலை இல்லை. மலையேற விரும்பும் நகரவாசிகளுக்கு எட்டும் தொலைவில், சுமார் 70 கி.மீ. வடமேற்கே செஞ்சிக் கோட்டை உள்ளது. அதன் ராஜகிரிக் குன்று சுமார் 800 அடி உயரம். மே மாதக் கத்திரி வெயிலில் அதன் பாறைகள் அடுப்புக்கல்லாகச் சுடும். மேலே வெயில், கீழே பாறைச் சூடு என ஏறுபவரை இரண்டும் வாட்டும்.

தசைப்பிடிப்பு முதல் எச்சரிக்கை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல், மிகுந்த வியர்வை ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். அப்போதே ஏற்றத்தை நிறுத்தி, நிழலில் அமர்ந்து, உப்புக் கரைசல் பருக வேண்டும்.

உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் இது வரலாம். நினைவு தடுமாறுபவருக்குத் தண்ணீர் புகட்டக் கூடாது, புரையேறும். உடனே 108-ஐ அழைத்து, ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிற வேண்டும்.

விடியலில் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்குவது பாதுகாப்பு. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு சிறிது சிறிதாகக் குடிக்கலாம். மது நீரிழப்பைக் கூட்டும். முதியோர், இதய நோயாளிகள், சிறுநீர் பெருக்கும் மருந்து உட்கொள்வோர் நண்பகல் ஏற்றத்தை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.