குழந்தைகளுக்கான கார் இருக்கை

விபத்தின்போது குழந்தை தூக்கி எறியப்படாமல், அதன் வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்பப் பட்டைகளால் பிணைத்துக் காக்கும் தனி இருக்கை. கடைகளில் ‘பேபி சீட்’ என்று கேட்டால் கிடைக்கும். தருமபுரி மாவட்டத்தின் வழியே ஓடும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இதன் தேவை மிகுதி. பயன்பாடோ மிகக் குறைவு.

1930களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் இருக்கைகளுக்குப் பாதுகாப்பு நோக்கமே இல்லை. குழந்தை சன்னல் வழியே வேடிக்கை பார்க்கவும், ஓட்டுபவரைத் தொந்தரவு செய்யாமல் இருக்கவும் அதை உயர்த்தி உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். மோதலைத் தாங்கும் எண்ணத்தோடு 1962இல் பிரிட்டனில் ஜீன் ஏம்ஸும், அமெரிக்காவில் லெனார்ட் ரிவ்கினும் தனித்தனியே இருக்கைகளை வடிவமைத்தனர்.

பெரிய திருப்பம் சுவீடனில் நிகழ்ந்தது. விண்வெளி வீரர்கள் மல்லாந்த நிலையில் முதுகால் விசையைத் தாங்குவதைக் கவனித்த பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், 1964இல் பின்னோக்கிய குழந்தை இருக்கையின் முன்மாதிரியைச் சோதித்தார். கைக்குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, கழுத்தோ இளசு. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் தலை மோதலில் முன்னே வீசப்படும்போது கழுத்து அதைத் தாங்காது. பின்னோக்கி அமர்ந்தால் முதுகும் தலையும் கழுத்தும் ஒன்றாக இருக்கையில் அழுந்தி, விசை பரவிவிடுகிறது. வால்வோ நிறுவனம் 1972இல் இத்தகைய இருக்கையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்த வரலாற்றிலேயே அதிக உயிர்களுக்குப் பயன்பட்ட கருத்து இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

குழந்தை இருக்கையைச் சட்டப்படி கட்டாயமாக்க வைத்தவர் ஒரு குழந்தை மருத்துவர். டாக்டர் ராபர்ட் சாண்டர்ஸின் விடாமுயற்சியால் அமெரிக்காவின் டென்னசி மாநிலச் சட்டம் 1978இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் பெரியவர் கையில் ஏந்தியிருக்கும் குழந்தைக்கு அதில் விலக்கு இருந்தது. மோதலில் பெரியவரின் உடல் குழந்தையை நசுக்கிவிடும் என்று அவர் தொடர்ந்து வாதாடினார். 1981இல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. நம் ஊரில் இன்றும் நிலவும் நம்பிக்கை அந்த விலக்கில் இருந்ததேதான்: தாய் மடியை விடப் பத்திரமான இடம் உண்டா? உண்டு. 50 கி.மீ. வேகத்தில் கார் மோதி நின்றால், 10 கிலோ குழந்தை சுமார் 300 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னே பாயும். எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது.

இந்தியாவில், 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் பயணித்தால் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. தமிழ்நாட்டில் உயர்த்தப்பட்ட அபராதங்கள் 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தன. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனை, குழந்தைப் பொம்மைகளை வைத்துக் கார்களை மோதவிட்டு, குழந்தைப் பாதுகாப்புக்கெனத் தனி மதிப்பெண் தருகிறது. கார் இல்லாத வீடுகளையும் விதிகள் விட்டுவிடவில்லை: இருசக்கர வாகனத்தில் 4 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இணைப்புப் பட்டையும் தலைக்கவசமும் வேண்டும், வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக்கூடாது.

தருமபுரிக்கு இது ஏன் அவசரம் என்பதை அதே 44ஆம் எண் நெடுஞ்சாலையிலுள்ள தொப்பூர் கணவாய் சொல்லும். பெங்களூரில் வேலை பார்க்கும் குடும்பங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலம் பக்கம் இறங்கும் வழி இது. நீண்ட இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த கியரை நியூட்ரலில் போட்டு வரும் லாரிகளில், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிறது. 2020 டிசம்பர் 12 அன்று, நெரிசலில் நின்றிருந்த கார்கள் மீது சிமென்ட் லாரி ஒன்று மோதியதில் 4 பேர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதியதில் மேலும் 4 பேர். நின்ற காரில் இருப்பவர் எவ்வளவு கவனமாக ஓட்டியிருந்தாலும் என்ன பயன்? இங்கே உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டம் உண்டு. ஆனால் சாலை சீராகும் வரை குழந்தைகளின் பயணம் காத்திருக்காது.

இருக்கையை வாங்கும்போது இந்தியாவின் ஏஐஎஸ் 072 அல்லது ஐ.நா.வின் ஆர்44, ஆர்129 தரக்குறியைப் பாருங்கள். குறைந்தது 15 மாதம் வரை, முடிந்தால் அதற்கு மேலும், பின்னோக்கியே பொருத்துங்கள். ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரியும் வேகமே குழந்தையைக் கொல்லும். ஒருமுறை விபத்தில் சிக்கிய இருக்கையை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். வாடகைக் காரில் ஊருக்குப் போவதாக இருந்தாலும் இருக்கையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.