வாயிற்படியைக் கடந்த சட்டம்

"வீட்டுச் செய்தி வீதிக்கு வரலாகாது" என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் வாக்கு. குடும்ப மானத்தைக் காத்த அவ்வாக்கே, வீட்டினுள் துன்புற்ற குழந்தைகளின் வாயையும் அடைத்தது. அக்குழந்தைகளின் குரல் நீதிமன்றத்தை எட்டிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1860-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டம், பெற்றோர் தம் குழந்தையைக் கைவிடுவதைக் குற்றமெனக் கூறியது. ஆயினும், 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மையை எண்ணிக் காப்பாளர் நல்லெண்ணத்துடன் செய்யும் செயல் குற்றமாகாது என்று விலக்கும் அளித்தது. 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விலக்கு நிலைத்துள்ளது. கண்டிப்பு எங்கே முடிகிறது, கொடுமை எங்கே தொடங்குகிறது என்பதை நெடுநாள் வீடே தீர்மானித்தது. 1920-இல் சென்னை மாகாணமும், 1922-இல் வங்காளமும், 1924-இல் பம்பாயும் குழந்தைகளுக்கெனத் தனிச்சட்டம் வகுத்தன. அவை ஆதரவற்ற சிறாரையும் குற்றத்தில் வீழ்ந்த சிறாரையுமே பெரிதும் கருதின.

பாலியல் கொடுமையைப் பற்றியோ பேசவும் கூசினோம். சாக்ஷி என்னும் பெண்கள் அமைப்பு அக்கூச்சத்தை விடுத்து, சிறார்க்கு நேரும் கொடுமைகளை எடுத்துக்காட்டி உச்ச நீதிமன்றத்தை அணுகியது. பழைய சட்டத்தின் பொருளை விரித்துரைக்க நீதிமன்றம் 2004-இல் இசையவில்லை. எனினும், சாட்சி கூறும் குழந்தை குற்றஞ்சாட்டப்பெற்றவரின் முகத்தைக் காணாதவாறு திரையிடுமாறு பணித்தது.

2007-இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வுக்காக 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்தனர். குடும்பத்தில் அடிபட்டோருள் 88.6 சதவீதத்தினரை அடித்தவர்கள் பெற்றோரே என்று அது கண்டது. பாலியல் கொடுமை இழைத்தோருள் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்களோ அதன் நம்பிக்கைக்குரியவர்களோ ஆவர்.

2012 நவம்பர் 14 அன்று போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்ட யாவரும் அதன் பாதுகாப்பில் அடங்குவர். குற்றம் புரிந்தவர் உறவினராயின் தண்டனை மிகும். குற்றம் நிகழ்ந்ததை அறிந்தும் காவல்துறைக்கு அறிவியாதிருப்பதும் தண்டனைக்குரியதே.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் மனத்திற்கொள்ள வேண்டிய விதி ஒன்றும் அதில் உண்டு. வாக்குமூலம் பதியப்படும் மொழி குழந்தைக்கு விளங்காவிடில், மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அளித்தல் கடமையாகும். எனவே, தமிழன்றி வேறு மொழி அறியாத குழந்தையும், டில்லியிலாயினும் சூரத்திலாயினும், தன் துயரைத் தன் மொழியிலேயே உரைக்கலாம். 1996-இல் மும்பையில் தொடங்கிய 1098 என்னும் கட்டணமற்ற தொலைபேசி உதவி இன்று நாடெங்கும் கிடைக்கிறது.

அண்டை வீட்டுக் குழந்தையின் அழுகுரல் நம் செவியில் விழுமாயின், அஃது அவர்கள் வீட்டுச் செய்தி என்று நாம் ஒதுங்கலாகாது.