ரோடு பைக் ஃபிரேமுக்குள் கேபிள் 'கடகட'க்கிறதா? சத்தத்தை நிறுத்துவது எப்படி?

டெல்லியில் அதிகாலை இந்தியா கேட் சுற்றிலும், குருகிராம்-ஃபரீதாபாத் சாலையிலும் ரோடு பைக் ஓட்டுபவர்களை நிறைய பார்க்கலாம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ஃபிரேமுக்குள் இருந்து 'கடகட' என்று சத்தம் வருவது அவர்களில் பலருக்கும் பழகிப்போன தொல்லை. 'சின்ன சத்தம்தானே, விட்டுடுங்க' என்று சொல்வது எளிது. ஆனால் அந்தச் சத்தம், தளர்ந்த போல்ட் அல்லது விரிசல் தரும் எச்சரிக்கையை மறைத்துவிடலாம்.

சத்தம் ஏன் வருகிறது?

பழைய சைக்கிள்களில் கேபிள் வெளியே ஓடும். இப்போது காற்றுத் தடையைக் குறைக்கவும், தோற்றத்துக்காகவும் ஃபிரேமுக்குள் ஓடுகிறது. கியர் கேபிளின் அவுட்டர் சுமார் 4 மி.மீ., பிரேக் அவுட்டர் சுமார் 5 மி.மீ. தடிமன். அது ஓடும் குழாயோ பல மடங்கு அகலம். பிடிமானம் இல்லாத கேபிள், மெல்லிய சுவரில் மோதும்போது குழாய் மேளம் போல ஒலிக்கிறது.

2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் கட்டப்பட்ட வெலோட்ரோமில் ஓடும் டிராக் பைக்குகளுக்கு இந்தப் பிரச்னையே கிடையாது. அவற்றில் பிரேக்கும் இல்லை, கியர் மாற்றும் வசதியும் இல்லை. அதனால் கேபிளும் இல்லை.

கேபிள்தான் காரணமா?

முதலில் பாட்டில் கூடு, பம்ப், சீட் பை ஆகியவற்றைக் கழற்றிப் பாருங்கள். பிறகு முன் பிரேக்கை அழுத்திக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில் கழுத்தில் ஆட்டம் தெரிந்தால் ஹெட்செட் தளர்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஓட்டாதீர்கள்.

அடுத்து, முன் சக்கரத்தைச் சில செ.மீ. தூக்கித் தரையில் லேசாகத் தட்டுங்கள். கேபிள் நுழையும் இடத்தில் அதை விரலால் இறுக்கிப் பிடித்து மறுபடி தட்டுங்கள். சத்தம் மாறினால் பெரும்பாலும் காரணம் கேபிள்தான்.

என்னென்ன தீர்வுகள்?

*ஃபோம் குழாய்:* அவுட்டர் மேல் மாட்டும் மெல்லிய ஃபோம் உறை இது. எடை சில கிராம்தான். 4 மி.மீ.க்கா, 5 மி.மீ.க்கா என்று அளவு பார்த்து வாங்குங்கள். சமையலறை ஸ்பாஞ்ச் வேண்டாம். மழைத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஸ்டீல் ஃபிரேம் துருப்பிடிக்கும். உள்ளே இன்னர் வயர் மட்டும் ஓடினால், முதலில் மெல்லிய பிளாஸ்டிக் லைனர், அதன் மேல்தான் ஃபோம்.

*ஜிப் டை:* கேபிளில் சுமார் 10 செ.மீ.க்கு ஒரு இடத்தில் மும்மூன்று டைகளைக் கட்டி, வால்களை மூன்று திசைகளில் நீட்டிவிட வேண்டும். வாலை வெட்டக் கூடாது. அதுதான் ஸ்பிரிங் போல சுவரில் அழுந்தி கேபிளை நடுவில் நிறுத்தும். ரொம்ப இறுக்கினால் அவுட்டர் நசுங்கி கியர் சரியாக விழாது.

ஸ்பிரே ஃபோம், பசை இரண்டும் கூடவே கூடாது. அடுத்த முறை கேபிளை வெளியே எடுக்கவே முடியாமல் போகும்.

நாமே செய்யலாமா?

வயர் வகை என்றால் செய்யலாம். பழைய அவுட்டரை உருவும்போது இன்னர் வயரை உள்ளேயே விட்டுவையுங்கள். புதிய அவுட்டருக்கு அதுவே வழிகாட்டி. ஹைட்ராலிக் பிரேக் என்றால் குழாயைக் கழற்றி மாட்டிய பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விடுவதே பாதுகாப்பு.

முடிந்ததும் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, கேபிள் இழுபடவில்லை என்று உறுதிசெய்யுங்கள். பிரேக்கையும் எல்லா கியர்களையும் சோதித்த பிறகே சாலைக்கு வாருங்கள்.

செலவைக் குறைக்க வழி?

கேபிள் அல்லது பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு) மாற்றும் நாளிலேயே இதையும் செய்யச் சொல்லுங்கள். ஜண்டேவாலான் சைக்கிள் சந்தையோ, உங்கள் தெருக்கடையோ, எங்கே கொடுத்தாலும் ஃபிரேமைத் திறக்கும் கூலி ஒரு முறைதான் வரும்.