துரைமார் கற்ற தமிழும் கணினி உதவி மேசையும்

ஒரு தேசத்திலே தலைமையகம் வைத்துள்ள கம்பனி, பிறிதொரு தேசத்திலே தன் கருமத்தை நடத்துதற்கு ஆட்களைப் பயிற்றும் வழக்கம் கணினி தோன்றிய பின் வந்ததன்று. மேனாட்டார் ஒருவரின் கணினி பழுதுற்றால் தொலைபேசியில் விடையிறுப்பவர் பெங்களூரில் இருத்தல் இன்று வியப்பன்று. அவரைப் பயிற்றும் முறையின் வரலாற்றை ஆராய்வோர் ஊவா மலைச்சாரலையும் ஒருமுறை நோக்குதல் தகும்.

பெரகலையிலிருந்து வெல்லவாயாவுக்கு இறங்கும் தெருவில், தியலும நீர்வீழ்ச்சிக்கு அணித்தே உள்ளது கொஸ்லந்த. 1869இல் தோன்றிய இலைநோய் இலங்கையின் கோப்பிப் பயிரை அழித்தபின் இம்மலைகளிலே தேயிலை பரவிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893இல் புகைவண்டி ஹப்புத்தளையை அடைந்தது. தனியார் பலரின் தோட்டங்கள் படிப்படியாகக் கம்பனிகளின் கைக்குச் சென்றன. தேயிலைச் செடியைக் கண்ணாற் காணாத பங்காளிகளுக்காக அச்செடியை வளர்ப்பிக்கும் ஆட்கள் வேண்டப்பட்டனர்.

பிரித்தானியாவினின்று வந்த இளைஞர், அநுபவமுள்ள பெரியதுரை ஒருவரின் கீழ்த் தொழில் பயின்றனர். ‘கிறீப்பர்’ என்பது அவர்க்கு வழங்கிய பெயர். பயிற்சிக்குத் தாமே பணம் கட்டினோரும் அவருட் பலர். விடியற்காலைப் பிரட்டுக் களத்தில் நிற்றல், கொழுந்து நிறுத்தல், கவ்வாத்து வெட்டுவித்தல் ஆகியவற்றோடு தமிழும் அவர் கற்கவேண்டியதாயிற்று. சின்னத்துரைமார் சட்டைப்பையில் வைத்துக் கற்பதற்கென்றே பேகூசன் என்பார் இயற்றிய கைந்நூலொன்று கொழும்பிலே அச்சாயிற்று. அதன் பெயர் ‘இங்கே வா’. 1915இல் வெல்ஸ் என்பார் எழுதிய ‘கூலித் தமிழ்’ என்னும் நூலும் வெளிவந்தது. இத்தகைய தமிழைக் கேட்டுப் பண்டிதர் நகைத்தல் கூடும். ஆயினும், ஆளவந்தவர் ஆளப்பட்டோரின் மொழியைக் கற்க நேர்ந்தமை சிறிய செய்தியன்று. குறை வேறிடத்தில் உளது. நூலின் பெயரே ஏவல். அக்கல்வியின் நோக்கமும் ஏவுதலேயாம். ஏவப்பட்டவர் மறுமொழியாக நெடிதுரைத்தால் அதனைப் பொறுமையோடு கேட்டறிதற்குப் பயிற்சி எங்கே இருந்தது?

தொழிலாளியின் முறைப்பாடு மேலே செல்லும் வழியில் கங்காணி நின்றார். அவர்க்கு மேலே கணக்கப்பிள்ளை. ஆள் கட்டியவரும் கடன் கொடுத்தவரும் கங்காணியே. கடன் தீராதார் வேறு தோட்டத்துக்குப் போகவொட்டாது தடுத்த துண்டு முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கங்காணியின்மீது முறைப்பாடு உடையவன் அதனைக் கங்காணியிடமே சொல்லவேண்டியிருந்த நிலையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியிற் பயிற்சியின் திசை மாறிற்று. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனி 1997இல் டில்லிக்கு அணித்தான குர்கானில் தன் பணிமனையை நிறுவிற்று; பிற கம்பனிகளும் தொடர்ந்தன. இப்போது மொழி கற்றவர் துரையல்லர், பணியாளரே. அமெரிக்க உச்சரிப்பைப் பயின்று, இரவிலே விழித்திருந்து, சிலர் மேனாட்டுப் பெயரும் சூடிக்கொண்டனர். எழுதிக் கொடுத்த வினாக்களை வரிசை பிறழாமற் கேட்கவும் பழக்கப்பட்டனர். இம்முறையிலும் ஏவலின் சாயல் இருந்தது. ஒப்புவித்த விடைகளையும் விளங்காத உச்சரிப்பையும் குறித்து வாடிக்கையாளர் குறைகூறவே, டெல் கம்பனி 2003இல் தன் நிறுவன வாடிக்கையாளரின் அழைப்புகள் சிலவற்றைப் பெங்களூரினின்று அமெரிக்காவுக்கே திருப்பிற்று. முறைப்பாடு செய்தவர் பணம் கொடுப்பவராதலின் அது விரைவிற் கேட்கப்பட்டது!

உதவி மேசைப் பயிற்சியிலே போற்றத்தக்க பகுதி உச்சரிப்பன்று. வந்த முறைப்பாடு ஒவ்வொன்றையும் இலக்கமிட்டுப் பதிதலும், தம்மால் இயலாததை மேற்படிக்கு அனுப்புதலும், தீர்ந்ததெனச் சொன்னவர் ஒப்பியபின்னரே அதனை மூடுதலுமே அதன் சாரம். பிரித்தானிய அரசின் கணினி முகவரகம் 1980களில் வகுக்கத் தொடங்கிய ‘ஐடில்’ என்னும் நெறித்தொகுதி, சம்பவத்தையும் பிரச்சினையையும் வேறுபடுத்துகின்றது. நின்றுபோன வேலையை மீள நடக்கச் செய்தல் முன்னதற்கு வேண்டுவது. அது மீண்டும் மீண்டும் நிகழ்தற்குரிய மூலத்தை ஆராய்தல் பின்னதற்கு வேண்டுவது.

தோட்டத்து நிருவாகம் இத்தகைய பதிவேட்டினை வளர்த்திலது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. துரை கடல்கடந்து வருதல் ஒழிந்தது. லயத்திற்கும் பங்களாவிற்கும் இடைப்பட்ட படிகள் ஒழிந்தில. கொஸ்லந்தவை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்திலே நிலம் சரியக்கூடும் என்னும் எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டது. இடம்பெயருமாறு சொல்லப்பட்டோர்க்குச் சொந்த நிலமில்லை. வாழ்ந்த லய அறையும் தோட்டத்துக்கே உரியது. எங்கே போவது என்பது அவர்தம் வினா. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலையிலே மலை சரிந்து லயங்களை மூடியபோதும் அவ்வினாவுக்கு விடை வந்திருக்கவில்லை.